மண்ணுக்குள் கேஸ் தொட்டி, மேலே எந்த ஆன்டெனா? வேலூர்ப் பக்கத்துக்கு ஒரு ஒப்பீடு

ராணிப்பேட்டையிலிருந்து ஒருவர், ஆம்பூரிலிருந்து இரண்டு பேர், காட்பாடியிலிருந்து ஒரு ஹாஸ்டல் மேனேஜர். நாலு பேரும் கேட்டது ஏறக்குறைய ஒரே கேள்விதான். மண்ணுக்குள் புதைத்த எல்.பி.ஜி. தொட்டி இருக்கிறது. அதில் கேஸ் எவ்வளவு மிச்சம், அழுத்தம் எப்படி, கசிவு உண்டா என்பதை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்க வேண்டும். விற்க வருகிறவர்களில் ஒருவர் சிம் என்கிறார், இன்னொருவர் லோரா என்கிறார், மூன்றாமவர் ஒயர்லெஸ்ஹார்ட் என்று சொல்லிப் பெரிய கொட்டேஷன் நீட்டுகிறார். நாலாமவர் கேஸ் சப்ளையர். "எங்களிடமே வாங்குங்கள், கருவி இலவசம்" என்கிறார். எதைப் போடுவது?

நான் கருவி பொருத்துகிற ஆள், விற்கிற ஆள் இல்லை. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றும் ஒரே மாவட்டமாக இருந்த காலத்திலிருந்து இந்த ஊர்களில் டயல், வால்வு, ஒயர் என்று சுற்றிக்கொண்டிருக்கிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த ரேடியோ, அதாவது கம்பியில்லாமல் தகவல் அனுப்பும் வழி எது என்பது இரண்டாவது கேள்வி. அந்தக் கருவி பேச்சை நிறுத்தினால் அது யாருக்கு, எத்தனை மணி நேரத்தில் தெரியும் என்பதுதான் முதல் கேள்வி.

## ஆடாத முள்

காட்பாடிப் பக்கம் ஒரு ஹாஸ்டல். 4,000 லிட்டர் தொட்டி. எல்.பி.ஜி. தொட்டியை முழுக்க நிரப்பக் கூடாது. திரவம் சூட்டில் விரியும் என்பதால் 85 சதவீதத்தோடு நிறுத்துவார்கள். அப்படியானால் 3,400 லிட்டர், எடையில் சுமார் 1,800 கிலோ. 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டரில் கணக்குப் போட்டால் சுமார் 95 வரும். அந்தச் சமையலறைக்கு நாளைக்கு நூறு கிலோ போகும். அதாவது தொட்டி மேல் மிச்ச அளவைச் சதவீதத்தில் காட்டும் டயலின் முள் தினமும் நாலரை சதவீதம் இறங்க வேண்டும்.

ஒரு நாள் விடியற்காலை இட்லி பாதி வெந்த நிலையில் அடுப்பு அணைந்துவிட்டது. நான் போனபோது வாட்ச்மேன் அண்ணன் நோட்டை எடுத்து நீட்டினார்.

"இன்னா சார், அஞ்சு நாளா அதே இருபத்தஞ்சுதான் காட்டுது. நானும் அதையே எழுதிகினு கீறேன். பசங்க ஊருக்குப் பூட்டாங்க, கேஸ் மிச்சம்னு நெனச்சேன்."

அவர் மேல் தப்பில்லை. உள்ளே மிதவை சிக்கிக்கொண்டிருந்தது. அஞ்சு நாளில் இருபத்து மூன்று சதவீதம் போயிருக்கிறது, முள் ஆடவில்லை.

இந்தக் கதையை ஏன் சொல்கிறேன் என்றால், சந்தையில் இருக்கும், கேஸ் மட்டத்தை அளக்கும் பெரும்பாலான கருவிகள் அந்த டயலின் தலையில்தான் உட்காருகின்றன. மிதவை ஆடும்போது தொட்டிக்குள் ஒரு காந்தம் திரும்பும். வெளியே இருக்கும் முள் அதோடு சேர்ந்து திரும்பும். டயல் மேல் மாட்டுகிற சென்சாரும் அதே காந்தத்தைத்தான் படிக்கிறது. மிதவை சிக்கினால் சிம், லோரா, ஒயர்லெஸ்ஹார்ட் மூன்றும் அதே இருபத்தஞ்சைத்தான் அனுப்பும்.

அழுத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாதா என்று கேட்பார்கள். முடியாது. தொட்டிக்குள் ஒரு சொட்டு திரவம் மிச்சம் இருக்கிறவரை அழுத்தம் சூட்டைத்தான் சொல்லும், அளவைச் சொல்லாது. திரவம் தீர்ந்த பிறகுதான் இறங்கும், அப்போது அடுப்பும் அணைந்திருக்கும். எனவே எந்தக் கருவி வாங்கினாலும் "சமையல் நடக்கிற நாளில் 24 மணி நேரம் எண் மாறாவிட்டால் அலாரம்" என்று ஒரு விதி போட முடியுமா என்று கேளுங்கள். ரேடியோவைப் பற்றி அப்புறம் பேசலாம்.

## எதை வைத்து எடை போடுவது

என்ன அளக்கிறோம், எவ்வளவு அடிக்கடி. மட்டத்துக்கு ஆறு மணி நேரத்துக்கு ஒரு செய்தி போதும். அழுத்தத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒன்று. கசிவு நொடிக் கணக்கு, அதில் பேரம் கிடையாது. நாலாவது ஒன்று உண்டு, யாரும் கேட்பதில்லை: துரு. மண்ணுக்குள் இருக்கும் இரும்புத் தொட்டியைக் காப்பாற்ற அதோடு மக்னீசியக் கட்டிகளைக் கம்பியால் இணைத்துப் புதைத்திருப்பார்கள். தொட்டிக்குப் பதிலாக அவை கரையும். தாமிரம்-தாமிர சல்பேட் மின்முனையை வைத்து அளந்தால் மைனஸ் 850 மில்லிவோல்ட் அல்லது அதைவிட எதிர்மறையாக வர வேண்டும். மாதம் ஒருமுறை பார்த்தால் போதும், ஆனால் பார்க்க வேண்டும்.

குழி. புதைத்த தொட்டியின் வால்வு, டயல் எல்லாம் ஒரு குழிக்குள் இருக்கும், மேலே இரும்பு மூடி. இரும்பு மூடி போட்ட குழி ரேடியோவுக்குச் சிறைச்சாலை. மழைக்காலத்தில் குழிக்குள் தண்ணீர் வேறு நிற்கும். திறந்து வைத்துச் சோதித்தபோது நன்றாக வந்த சிக்னல், மூடியதும் காணாமல் போகும்.

வெடி ஆபத்துப் பகுதி. தொட்டியைச் சுற்றி எந்த மின் கருவி வைத்தாலும் அது தீப்பொறி வராத வகையாக, பெசோ (மத்திய அரசின் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) ஏற்ற சான்றுடன் இருக்க வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு மேற்பட்ட அழுத்தத் தொட்டிகளுக்கு 2016-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. தொட்டியில் புதிதாக ஓட்டை போடுவது, பொருத்துகளை மாற்றுவது எல்லாம் எழுத்து மூலம் அனுமதி வாங்கிச் செய்ய வேண்டிய வேலை. டயல் மேல் மாட்டுகிற சென்சாரை எல்லோரும் விரும்புவது இதனால்தான். தொட்டியைத் தொட வேண்டியதில்லை.

ஒரு விற்பனைப் பிரதிநிதி சிக்னல் காட்டுகிறேன் என்று திறந்த குழிக்கு மேல் தன் செல்போனை நீட்டியதை என் கண்ணால் பார்த்தேன். வாட்ச்மேன்தான் கையைப் பிடித்து இழுத்தார். அந்த ஆளிடம் எதுவும் வாங்காதீர்கள் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பாறையும் மலையும். நம் ஊரில் ஒரு முழம் தோண்டினால் பாறை. தொட்டியிலிருந்து அலுவலகத்துக்கு 150 மீட்டர் ஒயர் பள்ளம் என்றால் பாதி தூரம் பிரேக்கர் வைத்து உடைக்க வேண்டியிருக்கும். கம்பியில்லாக் கருவிக்கு இங்கே இவ்வளவு கிராக்கி வர இதுவும் ஒரு காரணம். ஆனால் அதே பாறை மலையாக எழுந்து நின்று சிக்னலையும் மறைக்கும். வேலூர் நகரத்தைச் சுற்றி மலை. மலையடிவார ஆலைக்கு ஒரு கம்பெனி டவர் தெரியும், இன்னொரு கம்பெனி டவர் தெரியாது.

மௌனம். கருவி பேசாவிட்டால் என்ன நடக்கும்? ஆப்பில் பழைய எண் அப்படியே நிற்குமா, சிவப்பாகுமா, யாருக்காவது போன் வருமா?

## பெரிய தொட்டிகளில் நடந்தது

நம்முடையது சின்னத் தொட்டி. விசாகப்பட்டினத்தில் பாறையைக் குடைந்து 60,000 டன் எல்.பி.ஜி. பிடிக்கும் குகையே இருக்கிறது. வெளிநாடுகளில் எண்ணெய் வற்றிய நிலத்தடி அடுக்குகளிலேயே இயற்கை எரிவாயுவை ஏற்றிச் சேமிக்கிறார்கள். அப்படி ஒன்று கலிபோர்னியாவின் அலிசோ கேன்யன். 2015 அக்டோபரில் அங்கே ஒரு கிணற்றின் இரும்புக் குழாய் உடைந்தது. அடைக்க 2016 பிப்ரவரி ஆயிற்று. அதற்குள் ஏறக்குறைய ஒரு லட்சம் டன் மீத்தேன் காற்றில் போய்விட்டது. குழாயை வெளிப்பக்கமாக நிலத்தடி நீர் அரித்திருந்தது என்றும், கிணற்றின் அழுத்தத்தை இடைவிடாமல் பார்க்கும் ஏற்பாடு இல்லை என்றும் பின்னால் வந்த விசாரணை சொன்னது.

வெளிப்பக்கத் துரு, இடைவிடாத பார்வை இல்லாமை. அளவு சிறிதென்றாலும் நம் தொட்டிக்கும் இதே இரண்டுதான் எதிரி.

சரி, தேர்வுகளுக்கு வருவோம்.

## ஆள், டயல், நோட்டு

இதைப் பழசு என்று தள்ளிவிடாதீர்கள். ஆளுக்கு மூக்கு இருக்கிறது. எல்.பி.ஜி.யில் கலக்கும் மெர்காப்டன் வாசனையை மட்டச் சென்சாரால் முகர முடியாது. குழியில் தண்ணீர் நிற்கிறதா, மூடி சாய்ந்திருக்கிறதா, பக்கத்தில் யாராவது குப்பை கொளுத்துகிறார்களா என்பதை ஆள் பார்ப்பார்.

செலவு இல்லை என்று நினைப்பதுதான் தப்பு. ஒரு சுற்றுக்கு இருபது நிமிடம், நாளைக்கு மூன்று சுற்று என்றால் மாதம் 30 மணி நேரம். உங்கள் ஆலைச் சம்பளத்தில் போட்டுப் பாருங்கள். அதோடு இன்னொன்று: மழை கொட்டும் இரவில் இரண்டு மணிச் சுற்று உண்மையில் நடந்ததா, அல்லது ஆறு மணிக்கு உட்கார்ந்து மூன்று வரியையும் சேர்த்து எழுதினார்களா என்று உங்களுக்குத் தெரியாது. மூன்று வரியும் ஒரே பேனா, ஒரே சாய்வு என்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

ஒரே தொட்டி, இரவும் பகலும் ஆள் இருக்கும் இடம், வாரம் ஒரு லாரி: இதற்கு இதுவே போதும். மிச்சப்படும் பணத்தை நல்ல கசிவு அலாரத்தில் போடுங்கள்.

## சிம் கருவி

சந்தையில் அதிகம் இருப்பது இதுதான். சென்சார், மோடம், பேட்டரி எல்லாம் ஒரே பெட்டி. மாட்டிய அன்றைக்கே எண் வந்துவிடும். உங்கள் வளாகத்தில் வேறு எதுவும் நிறுவ வேண்டியதில்லை. ஒரு கல்யாண மண்டபம் குடியாத்தத்தில், இன்னொன்று வாலாஜாவில் என்று சிதறிக் கிடக்கிறவர்களுக்கு இதைவிட எளிது கிடையாது.

இதற்குள்ளேயே இரண்டு வகை. சாதாரண 4ஜி கருவி ஒன்று. என்.பி. ஐ.ஓ.டி. என்பது இன்னொன்று: 2016-இல் தரப்படுத்தப்பட்டது, கொஞ்சமாகப் பேசும், பழைய 2ஜி டேட்டாவான ஜி.பி.ஆர்.எஸ்.ஸைவிட 20 டெசிபல் பலவீனமான சிக்னலையும் பிடித்துக்கொள்ளும். குழிக்குள் இருக்கும் தொட்டிக்கு இந்த 20 டெசிபல் பெரிய விஷயம். ஆனால் உங்கள் தெருவில் எந்தக் கம்பெனி அதைத் தருகிறது என்பதைக் கருவியை வைத்துத்தான் பார்க்க வேண்டும், வரைபடத்தை நம்பி அல்ல. 2ஜி மட்டும் பேசும் மலிவான பழைய மாடலைக் கொடுத்தால் வாங்க வேண்டாம். ஜியோவில் 2ஜி எப்போதுமே இல்லை, எனவே பாதிக் கதவு முதலிலேயே அடைபட்டிருக்கிறது.

மறைந்திருக்கும் செலவுகளைச் சொல்கிறேன்.

பேட்டரி. சிக்னல் பலவீனமாக இருந்தால் மோடம் கத்திப் பேசும், பேட்டரி கரையும். அஞ்சு வருஷம் என்று அச்சிட்டிருப்பது நல்ல சிக்னலுக்கு, நாளைக்கு ஒரு செய்திக்கு. பெட்டியைக் கம்பத்தில் மாட்டினால் நம் கத்திரி வெயில் வேறு. இந்தக் கருவிகளில் இருக்கும் லித்தியம் தயோனைல் குளோரைடு பேட்டரி சூட்டில் சும்மா இருக்கும்போதே வேகமாக இறங்கும். மேலே ஒரு தகரத் தொப்பி போட்டு நிழல் கொடுங்கள்.

சிம். கருவிகளுக்கென்று 13 இலக்க எம்2எம் எண்கள் 2018-லிருந்து இருக்கின்றன. ஆனாலும் சில இடங்களில் சாதாரண பத்து இலக்க சிம்மைப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். நான் பார்த்த ஒரு தோல் ஆலையில் சிம் ஒரு சூப்பர்வைசர் பெயரில் இருந்தது. அவர் வேலையை விட்டுப் போனார், ரீசார்ஜ் நின்றது, கருவி பதினோரு நாள் மௌனம். அந்தப் பதினோரு நாளும் மேனேஜர் போனில் 62 சதவீதம் என்று பச்சை நிறத்தில் காட்டிக்கொண்டிருந்தது. கீழே பொடி எழுத்தில் "கடைசியாகப் பெற்றது" என்று தேதி இருந்ததாம். அதை யார் படிக்கிறார்கள்? ஆடாத முள்ளுக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், இதற்கு வருஷா வருஷம் பணம் கட்டியிருக்கிறார்கள்.

## லோரா

இதில் டவர் உங்களுடையது. தொட்டியில் சின்ன ரேடியோ, வளாகத்தின் உயரமான இடத்தில், வழக்கமாக மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் தலையில், ஒரு கேட்வே, அதாவது எல்லாக் கருவிகளின் செய்தியையும் வாங்கி இன்டர்நெட்டுக்கு அனுப்பும் பெட்டி. இந்தியாவில் இதற்கு 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம். அமெரிக்காவுக்குச் செய்த 915 மெகாஹெர்ட்ஸ் கருவியை இணையத்தில் மலிவாக வாங்கி வந்து மாட்டச் சொல்லி என்னிடமே கேட்டிருக்கிறார்கள். இங்கே அதற்கு அனுமதி இல்லை.

மறைப்பில்லாவிட்டால் சில கிலோமீட்டர் போகும். தகவல் சின்னது, பேட்டரி நீடிக்கும், ஒவ்வொரு கருவிக்கும் மாத வாடகை கிடையாது. எனவே கருவிகள் கூடக் கூட லோரா மலிவாகிக்கொண்டே வரும். ஒரு தொட்டிக்கு லோரா நஷ்டம். எட்டுத் தொட்டி, நாலு தண்ணீர் மீட்டர், இரண்டு குளிர் அறை என்றால் லாபம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் ஆலைகள் கழிவுநீரைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ந்து சுத்தம் செய்து பழகியவர்கள். அதே வழக்கத்தில் பக்கத்துப் பக்கத்து ஆலைகள் ஒரு கேட்வேயைப் பொதுவில் வைத்துக்கொண்டால் என்ன என்று நானும் கேட்டுப் பார்க்கிறேன். அடுத்தவன் கேஸ் கணக்கு நமக்குத் தெரியும், நம் கணக்கு அவனுக்குத் தெரியும் என்ற பயம். அந்தத் தகவல் பூட்டித்தான் போகிறது, ஆலைக்கு ஒரு சாவி. சொன்னாலும் நம்புவதில்லை.

இதன் மறைவுச் செலவு கேட்வேக்குள் இருக்கிறது. அதற்குக் கரன்ட் வேண்டும், இன்டர்நெட் வேண்டும், இரண்டுக்கும் யு.பி.எஸ். வேண்டும். இடி இறங்கினால் உயரத்தில் இருக்கும் கேட்வேதான் முதலில் போகும். அது போனால் எல்லாத் தொட்டியும் ஒரே நேரத்தில் மௌனம். இதில் ஒரு நல்லதும் உண்டு. பதினாலு எண்ணும் சேர்ந்து நின்றால் யாராவது கவனித்துவிடுவார்கள்.

இன்னொன்று. பேட்டரியில் ஓடும் லோரா கருவி தூங்கிக்கொண்டே இருக்கும். தான் பேசி முடித்த கொஞ்ச நேரம்தான் காது கொடுக்கும். ஆகவே "இப்போதே வால்வை மூடு" என்று அதற்கு உத்தரவு போட முடியாது. முடியும் என்று யாராவது சொன்னால், எத்தனை நொடியில் என்று கேளுங்கள்.

## ஒயர்லெஸ்ஹார்ட்

இது தொழிற்சாலைச் சாதி. 2010-இல் ஐ.இ.சி. 62591 என்று உலகத் தரமானது. 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசும். ஒவ்வொரு கருவியும் பக்கத்துக் கருவியின் செய்தியைக் கைமாற்றிக் கொடுக்கும். ஒரு வழி அடைத்தால் இன்னொரு வழியில் போகும். நொடிக் கணக்கில்கூட எண் அனுப்ப வைக்கலாம். நேராக ஆலையின் பி.எல்.சி.யில் (இயந்திரங்களை ஓட்டும் கட்டுப்பாட்டுக் கணினி) மோட்பஸ் என்ற தொழிற்சாலைக் கருவி மொழி வழியாகச் சேர்ந்துகொள்ளும். கருவி பேசாவிட்டால் கண்ட்ரோல் ரூம் திரையிலேயே பிழை என்று வரும், ஏனென்றால் செய்தி வரவேண்டிய நேரம் கேட்வேக்குத் தெரியும். என் முதல் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்வது இது ஒன்றுதான்.

விலை அதிகம். அது மட்டுமல்ல, வலை என்றால் ஆள் பலம் வேண்டும். ஒரு வலையில் குறைந்தது ஐந்து கருவி, ஒவ்வொன்றுக்கும் எட்டும் தூரத்தில் மூன்று அண்டைக் கருவி என்பது வடிவமைப்பவர்களின் கணக்கு. மூன்று புல்லட் (உருளை வடிவப் பெரிய கேஸ் தொட்டி), திரவத்தை வாயுவாக்கும் வேப்பரைசர், பம்ப், லாரி இறக்கும் இடம் என்று எல்லாம் உள்ள பெரிய ஆலைக்கு இது இயல்பாகவே வந்துவிடும். ஒரு தொட்டி வைத்திருக்கும் ஹாஸ்டல் இதை வாங்குவது, ஒரு படி அரிசி அரைக்க ரைஸ் மில்லையே விலை பேசுவது போல.

## சப்ளையர் தரும் இலவசக் கருவி

பெரும்பாலும் உள்ளே இருப்பது சிம் கருவிதான். அவர்களுக்கு வேண்டியது உங்கள் பாதுகாப்பு அல்ல, எந்த நாளில் லாரியை அனுப்பினால் ஒரே சுற்றில் அஞ்சு வாடிக்கையாளரை முடிக்கலாம் என்பது. அதில் தப்பொன்றும் இல்லை, உங்களுக்கும் கேஸ் தீராது. சின்ன இடங்களுக்கு இதுவே நல்ல தேர்வு என்பது என் எண்ணம். காரணம், மௌனமானால் கவலைப்பட அங்கே ஒரு ஆள் இருக்கிறார், லாரிக்காரரின் வருமானம் அதில் இருக்கிறது.

சப்ளையரை மாற்றினால் கருவி அவர்களோடு போகும், மூன்று வருஷக் கணக்கும் போகும். ஒப்பந்தத்தில் "மாதா மாதம் அளவுப் பட்டியல் எங்களுக்கும் தர வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

செயற்கைக்கோள் கருவி பற்றியும் ஒருவர் கேட்டார். தொலைத்தொடர்புத் துறை அனுமதி, கட்டணம், திறந்த வானம் எல்லாம் வேண்டும். ஜவ்வாது மலைக்குள் எந்த டவரும் இல்லாத பள்ளத்தில் தொட்டி இருந்தால் யோசிக்கலாம், சத்துவாச்சாரியில் வேண்டாம்.

## கசிவுக்கு ஒயர்தான்

மேலே சொன்ன எதையும் கசிவுக்கு முதல் காவலாக வைக்காதீர்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். காற்றில் சுமார் 1.8 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். அந்த அளவில் ஐந்தில் ஒரு பங்கு வந்ததுமே அலாரம் அடிக்க வேண்டும் என்பது வழக்கம். அந்த நேரத்தில் கூவ வேண்டியது தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் ஹூட்டர். சிக்னல் ஹைதராபாத் சர்வருக்குப் போய்த் திரும்பி மேனேஜர் போனில் டிங் என்று வருவதற்குள் என்ன வேண்டுமானாலும் ஆகலாம். சென்சார், ஹூட்டர், வால்வை மூடும் சோலனாய்டு மூன்றும் ஒயரில், உள்ளூரிலேயே முடிய வேண்டும். பாறையை உடைத்தாவது அந்தப் பள்ளத்தைத் தோண்டுங்கள். கம்பியில்லாக் கருவி அதற்கு மேல் ஒரு நகல் செய்தி அனுப்பட்டும்.

பேட்டரி விஷயமும் இதையேதான் சொல்கிறது. கசிவைக் கண்டுபிடிக்கும் வழக்கமான பெல்லிஸ்டர் சென்சாருக்குள் இருப்பது எப்போதும் சூடாகவே இருக்க வேண்டிய ஒரு சின்ன மணி உருண்டை. பேட்டரியில் வருஷக் கணக்கில் ஓடாது.

தோல் ஆலைக்காரர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. சுண்ணாம்புத் தொட்டி, கழிவுநீர்ப் பக்கமிருந்து வரும் அழுகிய முட்டை வாசனை ஹைட்ரஜன் சல்பைடு. அது பெல்லிஸ்டர் சென்சாரை மந்தமாக்கும், செம்பு முனைகளைக் கறுக்க வைக்கும். எனவே உங்கள் இடத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை போதாது. மூன்று மாதம் என்று வைத்துக்கொண்டு, சோதனை வாயுவை ஊதிப் பார்த்து, ஹூட்டர் கூவுகிறதா என்று காதால் கேளுங்கள்.

பாலாற்றங்கரைக்காரர்களுக்கு இன்னொன்று. 2021 நவம்பரில் பாலாறு கரை தொட்டு ஓடியதைப் பார்த்தோம். ஆறு வற்றியே கிடக்கும் என்று நம்பிப் புதைத்த தொட்டிகள் பல. 4,000 லிட்டர் தொட்டியைச் சுற்றி முழுக்கத் தண்ணீர் ஏறினால் அது நாலு டன் விசையோடு மேலே தள்ளும். உள்ளே 20 சதவீதம்தான் கேஸ் என்றால் அந்த எடை நானூறு சொச்சம் கிலோ. இரும்பின் எடை, மேல் மண், அடியில் கட்டிய ஸ்ட்ராப் மூன்றும் சேர்ந்துதான் பிடித்து வைக்க வேண்டும். கருவி வாங்கும்போது அதில் ஒரு காலி இன்புட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், குழிக்குள் ஒரு மிதவைச் சுவிட்ச் போட்டு அதில் இணைத்துவிடுங்கள். குழியில் தண்ணீர் ஏறினால் தெரியட்டும்.

## ஒரு பார்வையில்

| | ஆள், நோட்டு | சிம் | லோரா | ஒயர்லெஸ்ஹார்ட் | சப்ளையர் கருவி |
|---|---|---|---|---|---|
| வலை யாருடையது | யாரும் இல்லை | செல் கம்பெனி | உங்களுடையது | உங்களுடையது | அவர்களுடையது |
| செய்தி இடைவெளி | சுற்றுக்கு ஒன்று | சில மணி நேரம் | நிமிடம் முதல் மணி வரை | நொடி முதல் | நாளைக்கு ஒன்றிரண்டு |
| இரும்பு மூடி | பிரச்சினை இல்லை | என்.பி. ஐ.ஓ.டி. கொஞ்சம் தாங்கும் | ஆன்டெனா வெளியே வேண்டும் | ஆன்டெனா வெளியே வேண்டும் | சிம் போலவே |
| மறைந்த செலவு | மாதம் 30 மணி நேரம் | ரீசார்ஜ், பேட்டரி | கேட்வே, யு.பி.எஸ்., இடி | கூடுதல் கருவிகள் | கணக்கு கைவிட்டுப் போகும் |
| மௌனமானால் | நோட்டு காலி, அல்லது பொய் | கேட்டு வாங்கினால்தான் அலாரம் | எல்லாம் சேர்ந்து நிற்கும் | திரையில் பிழை | லாரிக்காரர் கவனிப்பார் |
| பொருந்தும் இடம் | ஒரு தொட்டி, முழு நேர ஆள் | சிதறிய இடங்கள் | ஒரே வளாகம், பல கருவிகள் | பி.எல்.சி. உள்ள பெரிய ஆலை | சின்ன ஹாஸ்டல், மண்டபம் |

## கேட்ட நாலு பேருக்கு

ராணிப்பேட்டைக்காரருக்கு மூன்று புல்லட்டும் பி.எல்.சி.யும் ஏற்கெனவே இருக்கின்றன. ஒயர்லெஸ்ஹார்ட் கொட்டேஷனைக் கிழிக்க வேண்டாம், கருவி எண்ணிக்கையை மட்டும் பேசிக் குறைக்கலாம்.

ஆம்பூர்க்காரர் இருவரில் ஒருவருக்கு ஒரே காம்பவுண்டுக்குள் ஆறு தொட்டி, லோரா போடட்டும், கேட்வேக்கு இடிதாங்கி சேர்த்து. இன்னொருவருக்கு மூன்று ஊரில் மூன்று யூனிட். அவருக்குச் சிம், எம்2எம் எண், கம்பெனி பெயரில். 24 மணி நேரம் செய்தி வராவிட்டால் மேனேஜருக்கும் செக்யூரிட்டிக்கும் போன் அடிக்க வேண்டும் என்பது பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதியிருக்க வேண்டும். வாயால் சொன்னால் போதாது. பணம் கட்டும் முன் பேட்டரியைக் கழற்றி ஒரு நாள் வைத்து, போன் வருகிறதா என்று பார்த்துவிடச் சொல்லியிருக்கிறேன். கழற்றுவதைத் தொட்டிப் பக்கம் செய்யாமல் ஆபீஸ் மேஜையில் வைத்துச் செய்யவும்.

காட்பாடி ஹாஸ்டல் சப்ளையர் கருவிக்கே போனது. மிதவை மாற்றினார்கள், குழி மூடியை ஃபைபரில் போட்டார்கள், சென்சார் டயல் மேல் உட்கார்ந்தது. நோட்டையும் நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாவது வாரம் வாட்ச்மேன் அண்ணனிடமிருந்து போன்.

"சார், போன்ல அம்பத்தெட்டு காட்டுதாம், என் நோட்டுல அறுவத்தி ரெண்டு கீது. எது நெசம்?"

அடுத்த லாரி வந்தபோது அதன் எடைச் சீட்டை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். நோட்டில் இருந்ததுதான் சரி. சென்சார் டயல் மேல் ஒரு நூல் திரும்பி உட்கார்ந்திருந்தது.